சுபுஹுக்கு மட்டும் நாற்காலி

பள்ளிவாசலின் பின்வரிசையில் நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடந்தன. நான்கின் முதுகிலும் சிவப்புச் சாயத்தில் 'அன்பளிப்பு: ஹாஜி நூகு சாகிபு' என்று எழுதியிருந்தது. முட்டுவலிக்காரர்களும் தள்ளாதவர்களும் உட்கார்ந்து தொழட்டும் என்று அவர் வாங்கிப் போட்டவை. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்பார்கள். நூகு சாகிபு அதை மீறவில்லை. இடது கையை விட்டுவிட்டு ஊருக்குத்தான் தெரியப்படுத்தினார்.

அந்த நாற்காலி ஒன்றில் உட்கார்ந்துதான் அம்மார் தினமும் விடியற்காலைத் தொழுகையான சுபுஹைத் தொழுதான். அவனுக்கு வயது இருபத்தொன்பது. பஜாரில் ஒரு செருப்புக் கடையில் விற்பனையாளன். ஆள் பார்க்க வாட்டசாட்டமாக இருப்பான். இடப்பக்கம் எழுபது வயது சாகிபு, வலப்பக்கம் எழுபத்தைந்து, நடுவில் இவன். பல்லுப் போன வாயில் ஒரு பல் மட்டும் முளைத்த மாதிரி இருக்கும்.

ஐந்து வருஷமாக இந்தப் பாடு. நடுச்சாமம் கழிந்து மூன்றரை மணி வாக்கில் இடுப்புக்குக் கீழே, புட்டத்தின் ஆழத்தில், ஒருநாள் இடது பக்கம், ஒருநாள் வலது பக்கம் பிடித்துக்கொள்ளும். புரண்டு படுக்க முடியாது. கட்டிலின் சட்டத்தைப் பிடித்து, ஒருக்களித்து, காலை முதலில் இறக்கி, பிறகு உடம்பை இறக்க வேண்டும். பாங்கு சொல்லும்போது சுவரைப் பிடித்தபடி நடந்து கொண்டிருப்பான். பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தாலும் குனிய வராது. பத்து மணிக்குக் கடை திறந்து, நூறு பெட்டியை எடுத்து இறக்கி, வாடிக்கையாளரின் காலடியில் உட்கார்ந்து எழுந்து எழுந்து, மத்தியானம் லுஹர் பாங்கு சொல்லும்போது பிடி விட்டிருக்கும். எல்லாரோடும் வரிசையில் நின்று, நெற்றியைத் தரையில் வைத்து சுஜூது செய்து தொழுவான். ஊருக்குப் பொறுக்காமல் போனது இதுதான்.

இந்த வலிக்கு வைத்தியம் சொல்லாத வாய் அந்தத் தெருவில் இல்லை. வாயு என்றார்கள், பிரண்டைத் துவையல் தின்றான். சூடு என்றார்கள், தலைக்கு எண்ணெய் வைத்தான். மெத்தையை மாற்று என்றார்கள், மெத்தையைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டுப் பாயில் படுத்தான். பாய் ஆகாது என்று இன்னொருவர் வந்தார். எலும்பு வைத்தியர் ஒருவர் முதுகில் ஏறி மிதித்து, ஒரு எலும்பு இடம் மாறிக் கிடந்ததைத் தான் இடத்தில் வைத்துவிட்டதாகச் சத்தியம் பண்ணினார். மறுநாள் சுபுஹுக்கு அந்த எலும்பு பழைய இடத்துக்கே போய்விட்டது. சேக்காளி ஒருத்தன் கண்ணைச் சிமிட்டி, "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிரும்லே" என்றான். ஒருத்தருக்கும் வலி என்ன என்று கேட்க நேரமில்லை. பதில் மட்டும் எல்லாரிடமும் தயாராக இருந்தது.

டாக்டர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கடைக்கு மட்டம் போட முடியாது என்பதால் வண்ணார்பேட்டையில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பார்க்கிற டாக்டர்களிடம்தான் போவான். அந்நேரம் உடம்பு இளகியிருக்கும். "குனிங்க" என்பார் டாக்டர். குனிந்து கால்விரலைத் தொடுவான். "நிமிருங்க" என்பார். நிமிருவான். எக்ஸ்ரே சுத்தம். யூரிக் ஆசிட் சரி. "ஒண்ணும் இல்ல தம்பி, செல்போனைக் குறைங்க" என்று சொல்லி ஒரு மாத்திரை எழுதிக் கொடுப்பார். அதைத் தின்கிற ஐந்து நாளும் வலி ஓடிப்போகும், ஆறாம் நாள் திரும்பி வரும். உப்புச் சப்பில்லாத சீட்டுகளாக ஒரு பை நிறையச் சேர்ந்ததுதான் மிச்சம்.

இந்த லட்சணத்தில் அவனுக்குக் கல்யாணம் முடிவானது. பெண் வள்ளியூர். பெயர் ஸமீஹா. ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்கு டீச்சர். நிச்சயத்தன்று இரண்டு நிமிஷம் பார்த்தான். பிறகு இரண்டு தரம் போனில் பேசினான். அந்தப் பிள்ளை அதிகம் பேசவில்லை, ஆனால் இவன் சொன்னதை முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் பேசியது. அவனுக்கு அது ரொம்பப் பிடித்துப் போனது. அவன் உம்மா பெயர் பாத்து. அவள் மட்டும் அவனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்: "இடுப்பு நோவுன்னு அங்கன மூச்சு விட்டுராத. வந்த பொறவு தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போவுது."

வெளியூர்ப் பெண்ணைக் கட்டுவதென்றால் மாப்பிள்ளையின் ஜமாஅத்திலிருந்து ஒரு கடிதம் போக வேண்டும். இன்னார் எங்கள் மஹல்லாவைச் சேர்ந்தவர், நல்லொழுக்கம் உள்ளவர், இந்தத் திருமணத்துக்குத் தடையில்லை என்று ஜமாஅத் செயலாளர் முத்திரை குத்திக் கொடுக்க வேண்டும். அது இல்லாமல் வள்ளியூரில் நிக்காஹ் புத்தகத்தைத் திறக்க மாட்டார்கள். செயலாளர் வேறு யார், நாற்காலிப் புகழ் நூகு சாகிபுதான். முப்பது வருஷம் எழுத்தர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உத்தியோகம் அவரை விட்டதே தவிர அவர் உத்தியோகத்தை விடவில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை, கடைக்கு அரைநாள் சொல்லிவிட்டு, அம்மார் கடிதத்துக்காக ஜமாஅத் அலுவலகத்துக்குப் போனான். நூகு சாகிபு ஒரு நோட்டில் மும்முரமாக என்னவோ எழுதிக் கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே, "அந்த பெஞ்சுல இரு" என்றார். இரண்டு மணி நேரம் மரப் பெஞ்சில் இருந்தான். பிறகு அவர் மூடியைத் திருகிப் பேனாவைச் சட்டையில் செருகிக்கொண்டு, "ஞாயித்துக்கிழம வா, பாப்போம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் கொடுத்தது கடிதமில்லை. ஒரு புகார், அதுவும் நகல். அசல் ஜமாஅத் கோப்பில் ஏறிவிட்டதாம். கோடு போட்ட தாளில் ஏழு நாள், ஐந்து வேளை, முப்பத்தைந்து கட்டம். நாற்காலிக்கு 'நா', தரைக்கு 'த'. அடியில் அழகான கையெழுத்தில் இப்படி இருந்தது:

'மேற்படி அம்மார் (29) என்பவர் சுபுஹு தொழுகையில் ஏழு நாளும் நாற்காலியில் அமர்ந்தும், ஏனைய வேளைகளில் யாதொரு சிரமமுமின்றித் தரையில் சுஜூது செய்தும் வருவது நேரில் கண்டறியப்பட்டது. வியாழன் லுஹரில் மட்டும் மீண்டும் நாற்காலி. நோய் என்பது நேரம் பார்த்து வருவதல்ல. ஆகவே மேற்படியார் தூக்கச் சோம்பலால் நடித்து, முதியோருக்கான இருக்கையை அபகரித்து வருவதாகக் கருத இடமுள்ளது. விசாரணை முடியும் வரை கடிதம் வழங்குவதற்கில்லை.'

அம்மார் வாசித்தான். தொழுகையில் கண்ணைத் தாழ்த்தி நிற்க வேண்டும் என்பது மார்க்கம். இந்த மனிதர் ஏழு நாள், முப்பத்தைந்து வேளை, அடுத்தவன் இடுப்பைப் பார்த்துக்கொண்டே தொழுதிருக்கிறார். இவருக்குக் கிடைக்கும் நன்மையை நினைத்து அவனுக்குச் சிரிப்புத்தான் வந்தது. மூன்றாவது வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து விசாரணை என்றார்கள். இடையில் இரண்டு வெள்ளிக்கிழமை இருந்தது.

"உண்மையிலேயே நோவுதான்னு ஒரு டாக்டர் சர்டிபிகேட் கொண்டா பாப்போம்" என்று நூகு சாகிபு ஏளனமாகச் சொல்லியிருந்தார். பைநிறையச் சீட்டு இருந்தும் ஒன்றிலும் அப்படி எழுதியிருக்கவில்லை. சாயங்கால டாக்டர்களை நம்பிப் பயனில்லை என்று, மறுநாள் காலையிலேயே பாளையங்கோட்டையில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நின்றான். ஐந்து வருஷத்தில் காலை வேளையில் ஒரு டாக்டர் அவனைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அந்த அறிவு வருவதற்கு ஒரு புகார் தேவைப்பட்டிருக்கிறது.

மூட்டுநோய்ப் பிரிவில் இருந்த டாக்டர் பெயர் சாலோமி. குனியச் சொன்னாள். கை முழங்காலோடு நின்றது. மேசையில் அவன் வைத்த சீட்டுகளைப் புரட்டினாள். ஊடே வந்து விழுந்த கோடு போட்ட தாளை எடுத்து, "இது என்னது?" என்றாள்.

"அது ஒண்ணுமில்ல டாக்டர். எம்மேல குத்தம் எழுதிக் கொடுத்தது."

அவள் வாசித்தாள். வெளியே தொண்ணூறு பேர் நின்றார்கள். அவள் மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். பேனாவால் 'நா'க்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனாள்.

"இதை எழுதுனது யாரு? ஏதும் நர்ஸா?"

"எங்க ஜமாஅத் செயலாளர். என்னைய மாட்டி விடணும்னு எழுதுனாரு."

"உங்க அஞ்சு வருஷச் சீட்டுல ஒருத்தரும் இதை எழுதலையே தம்பி" என்றாள். பிறகு கேட்க ஆரம்பித்தாள். பாதி ராத்திரிக்கு மேல் வலியில் முழிப்பு வருதா? வலி பக்கம் மாறுதா? எவ்வளவு நேரத்துக்குப் பிறகு பிடி விடுது? கண் எப்போதாவது சிவந்து வலித்ததா? போன வருஷம் ஒரு கண் சிவந்து பத்து நாள் வெளிச்சம் பார்க்க முடியாமல் கிடந்ததை, ஊர் 'மெட்ராஸ் ஐ' என்று சொல்லி ஓடி ஒளிந்ததைச் சொன்னான். குதிகால் வலியுண்டா என்றாள். உண்டு. செருப்புக் கடைக்காரனுக்கே குதிகால் வலியா என்று ஊர் சிரித்ததால் அதை அவன் யாரிடமும் சொல்வதில்லை.

"முதுகெலும்பு இடுப்பெலும்புல போய்ச் சேருற மூட்டு ஒண்ணு இருக்கு. அங்கன அழற்சி இருக்கும்போல. எக்ஸ்ரேயில ஆரம்பத்துல தெரியாது. எம்ஆர்ஐ எடுத்தாத்தான் தெரியும். இது சுளுக்கு மாதிரி இல்ல, சும்மா கெடந்தா கூடும், நடமாடுனா குறையும்" என்றாள். தாளின் அடியில் விரலை வைத்தாள். "நோய் நேரம் பார்த்து வருவதல்லன்னு எழுதியிருக்காரு. இந்த நோய் நேரம் பார்த்துத்தான் வரும்."

வலிக்காக அம்மார் ஒருநாளும் அழுததில்லை. அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில், ஊசி போட்டுக்கொண்ட ஒரு கைக்குழந்தை வேடிக்கை பார்க்க, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதான்.

அடுத்த வாரம் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் வந்தன. டாக்டர் சொன்னது சரிதான். மருந்தும் உடற்பயிற்சியும் காலத்துக்கும் வேண்டும். கவனித்தால் எல்லாரையும் போல இருக்கலாம், விட்டால் முதுகு கட்டையாகிப் போகலாம். ஒரு நீளமான ஆங்கிலப் பெயரைச் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அம்மார் அதைப் பரீட்சையில் தேறியவன் மாதிரி வீட்டுக்குக் கொண்டு வந்தான்.

பாத்து தலையில் அடித்துக்கொண்டாள். "காலத்துக்கும் மருந்தாமே! யாருலே கேட்டா இந்தப் பேரை? வாயுன்னு இருந்தது வாயுன்னே இருந்திருக்கக் கூடாதா?"

அன்று மாலையே நூகு சாகிபு வீட்டுக்கு வந்தார். செய்தி காற்றில் போயிருந்தது. இரண்டு வடையைத் தின்று, தேத்தண்ணியை உறிஞ்சி, பெரிய மனுஷத் தோரணையில் பேச்சைத் தொடங்கினார்.

"ஏலே, நான் ஒனக்குக் கெடுதல் செய்யுதவன் இல்ல, பாத்துக்க. இந்த டாக்டர் சீட்டை நீ விசாரணையில கொடுத்தா, நான் கடிதத்துல எழுதணும். தீராத சீக்காளின்னு எழுதி முத்திர குத்துனா, எந்தத் தகப்பன் பொண்ணு கொடுப்பான்? அதுக்கு நீ ஒண்ணு செய்யி. சோம்பல்ல அப்பிடிச் செஞ்சிட்டேன், தவ்பா செய்யுதேன், மன்னிச்சிருங்கன்னு ரெண்டு வரி எழுதித் தா. சோம்பேறி திருந்துவான், ஊரு மன்னிக்கும். ஒன் கடிதத்தை நானே கொண்டு போயிக் கொடுக்கேன்."

"அப்ப நாளைக்கு சுபுஹுக்கு நான் எப்பிடித் தொழ மாமா?"

"வீட்டுல தொழு. யாரு பாக்கப் போறா?"

பாத்து மகனின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எழுதிக் கொடு வாப்பா. ரெண்டு வரிதான. ஒம் உம்மா கேக்குதேன்."

வேடிக்கையைப் பாருங்கள். ஐந்து வருஷம் எனக்கு வலிக்கிறது, வலிக்கிறது என்று சொன்னான், ஒரு நாயும் நம்பவில்லை. இப்போது நிரூபித்துக் கையில் வைத்திருக்கிறான், பொய் என்று எழுதிக் கொடு என்கிறார்கள். சோம்பேறிக்குப் பெண் உண்டு, நடிக்கிறவனுக்குப் பெண் உண்டு, சீக்காளிக்கு மட்டும் கிடையாது. ஊரின் நியாயம் அப்படி. அம்மாருக்கு ஆத்திரம் தலைக்கேறியது. ஆனாலும் அந்தப் பிள்ளையை விட அவனுக்கு மனசில்லை. தாளை வாங்கினான். 'சோம்பலின் காரணமாக' என்று எழுதிவிட்டு, அதற்கு மேல் கை ஓடாமல், விசாரணைக்கு முன்னால் தருவதாகச் சொல்லி அவரை அனுப்பி வைத்தான்.

மறுநாள் பத்தரை மணிக்கு, கடையின் பின்கட்டில் பெட்டிகளுக்கு நடுவில் நின்று, புகாரையும் டாக்டர் சீட்டையும் படம் பிடித்து ஸமீஹாவின் போனுக்கு அனுப்பினான். கீழே, 'எல்லாம் இதில் இருக்கிறது. மறைத்ததற்கு மன்னிக்கவும்' என்று மட்டும் எழுதினான். பிறகு ஒரு அம்மாளுக்கு ஏழாம் நம்பர் செருப்பு மாட்டிவிடப் போனவன், இரண்டு காலுக்கும் இடது செருப்பையே எடுத்து வைத்தான்.

பள்ளிக்கூடம் சாப்பாட்டுக்கு விட்ட நேரத்தில் போன் வந்தது.

"அந்தத் தாளைப் பாத்தேன்" என்றாள் ஸமீஹா. பின்னால் பிள்ளைகள் கத்திக் கொண்டிருந்தன. "எனக்கு வருகைப் பதிவேடு பாத்துப் பழக்கம். சுபுஹு ஏழும் புரியுது. டாக்டர் சீட்டுக்கும் அதுக்கும் சரியா வருது. வியாழக்கிழம லுஹருக்கு மட்டும் ஏன் நாற்காலி? அன்னைக்கு என்ன ஆச்சு?"

டாக்டர் அப்படிக் கேட்டது உத்தியோகத்துக்காக. அது உத்தியோகமாக இல்லாத ஒருவர், உனக்கு என்ன ஆச்சு என்று அவனைக் கேட்பது இதுதான் முதல் தரம்.

"சொன்னா சிரிப்பீங்க. ஒரே எடத்துல உக்காந்தா பிடிச்சிக்கிடும். அன்னைக்குக் காலையில ரெண்டு மணி நேரம் ஒரு பெஞ்சுல உக்கார வச்சிட்டாங்க."

"யாரு?"

"செயலாளர்தான். நம்ம கல்யாணக் கடிதத்துக்கு."

அவள் சிரிக்கவில்லை. "அவரே உக்கார வச்சி, அவரே நோவ வச்சி, அதையும் அவரே எழுதிக்கிட்டாராக்கும்" என்றாள்.

அதற்குப் பிறகு அவன் எதையும் மறைக்கவில்லை. மருந்து காலத்துக்கும் என்றான். முதுகு கட்டையாகலாம் என்றான். தவ்பா எழுதிக் கொடுத்தால் கடிதம் கிடைக்கும், பாதி எழுதி வைத்திருக்கிறேன் என்பதையும் சொன்னான்.

"எங்க வாப்பாட்ட இதைக் காட்டுனா வேண்டாம்னுதான் சொல்லுவாங்க" என்றாள் ஸமீஹா. "அவங்கட்ட பேசுதது என் வேலை, அதை விடுங்க. ஆனா நீங்க சோம்பேறின்னு கையெழுத்துப் போட்டுட்டு வந்தா, எனக்குச் சோம்பேறி மாப்பிள்ள வேண்டாம். காலத்துக்கும் ஒரு பொய்யை நான் மெய்யின்னு சொல்லிக்கிட்டுத் திரியணும். சீக்காளி மாப்பிள்ளன்னா யோசிப்பேன்."

"எத்தன நாள் யோசிப்பீங்க?"

"உள்ளது உள்ளபடி எழுதுன கடிதம் வந்து சேருத வரைக்கும்" என்றாள். மணி அடித்தது. போனை வைத்துவிட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஜமாஅத் அலுவலகத்தில் ஐந்தாறு பேர் கூடினார்கள். அம்மார் பாதி எழுதிய தாளை நான்காகக் கிழித்து அவர்கள் முன்னாலேயே குப்பைக் கூடையில் போட்டான். டாக்டர் சீட்டையும் ஸ்கேன் அறிக்கையையும் மேசையில் வைத்தான். பக்கத்திலேயே நூகு சாகிபின் முப்பத்தைந்து கட்டத்தையும் விரித்து, "இந்தத் தாளை வச்சுத்தான் டாக்டர் நோயைக் கண்டுபிடிச்சாங்க" என்றான். ஜமாஅத் தலைவர் அறிக்கையைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். மற்றவர்கள் நூகு சாகிபைப் பார்த்தார்கள். அவருக்குக் கர்வப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தார்.

"சரி, சரி. கடிதத்தைக் கொடுத்திருவோம்வே" என்றார் தலைவர்.

நூகு சாகிபு முத்திரைத் தாளை எடுத்தார். குரல் இறங்கியிருந்தது. "நோயையும் எழுதவாலே? பொண்ணு வீட்டுல..."

"எழுதுங்க மாமா. பொண்ணுதான் கேட்டுச்சு."

சங்கடத்தை மறைக்க நூகு சாகிபுக்கு ஒரு உபசாரம் தேவைப்பட்டது. எழுந்துபோய், பள்ளிக்குள்ளிருந்து தன் பெயர் எழுதிய ஒரு நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து அவன் முன்னால் போட்டார். சட்டை நுனியால் தூசியும் தட்டினார். "நோவுக்காரப் பிள்ள, எம்புட்டு நேரம் நிப்ப? இரு. பைய எழுதித் தாரேன்."

அம்மார் நாற்காலியின் முதுகிலிருந்த சிவப்பு எழுத்தை ஒருதரம் வாசித்தான்.

"நான் நின்னுக்கிடுதேன் மாமா. உக்காந்தாத்தான் எனக்கு நோவும், அதை இன்னும் நீங்க படிக்கலியா?" என்றான். "நீங்க உக்காந்து எழுதுங்க."

நூகு சாகிபு அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார். அவர் கடைசி வரியை எழுதி, முத்திரையை ஊதி ஊதிக் குத்தி முடிக்கும் வரைக்கும் அம்மார் அவருக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தான்.